அயர்லாந்துக் கூடைப்பந்துக் கழகம் ஒன்றின் வரலாற்றை எழுதுவது எப்படி?

அயர்லாந்தின் கூடைப்பந்துக் கழகங்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களால் நடத்தப்பட்டு வந்தவை. அதனால் அவற்றின் ஆவணங்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. கூட்டக் குறிப்பேடு முன்னாள் செயலாளர் வீட்டுப் பரணிலும், கணக்குப் புத்தகம் பொருளாளரின் மேசை இழுப்பறையிலும், அணிப் படங்கள் பழைய வீராங்கனை ஒருவரின் ஆல்பத்திலும் கிடக்கும். பொறுப்பு கைமாறும் ஒவ்வொரு முறையும் காகிதங்களில் ஒரு பங்கு பின்தங்கிவிடும். யாராவது வீடு மாறினால் இன்னொரு பங்கு குப்பைக்குப் போய்விடும். ஆகவே கழகத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி மலர் கொண்டுவர நினைப்பவர்கள், விழாவுக்குச் சில மாதங்களே இருக்கும்போது வேலையைத் தொடங்கினால் கிடைப்பது சில படங்களும் வாழ்த்துரைகளும்தான். இரண்டு ஆண்டுகளாவது முன்னதாகத் தொடங்குங்கள்.

இந்த வேலையில் வரிசை முக்கியம். முதலில் அச்சில் வந்த, தேதியிட்ட சான்றுகளைக் கொண்டு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பக்கம் என்ற கணக்கில் காலவரிசையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மூத்தவர்களைச் சந்தித்து அவர்கள் நினைவுகளைக் கேட்பது அதற்குப் பிறகே. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நினைவுகளை முதலில் திரட்டினால் எல்லாமே ‘எண்பதுகளில்’ நடந்ததாக ஆகிவிடும். இரண்டு வெவ்வேறு ஆட்டங்கள் ஒரே ஆட்டமாக ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம், ஏனென்றால் அப்போது உங்கள் முன் இருப்பது ஒரு பெரியவரின் மனவருத்தமும்கூட.

நாட்டின் வரலாற்றைச் சட்டகமாக வைத்துக்கொள்ளுங்கள்

உங்கள் கழகம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், நாட்டில் இந்த விளையாட்டு வளர்ந்த கட்டங்களோடு அது பொருந்தியாக வேண்டும். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய இந்த ஆட்டம் அயர்லாந்தில் வேர்பிடித்ததில் படைமுகாம்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தேசிய அமைப்பு 1945இல் உருவானது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அயர்லாந்து அணி விளையாடியது. அதில் பெரும்பாலோர் படைவீரர்கள். மெக்சிகோவிடம் 71-9 என்று தோற்ற அந்த அணி, கலந்துகொண்ட 23 அணிகளில் கடைசியாக வந்தது. உங்கள் ஊருக்கு அருகே படைமுகாம் இருந்திருந்தால், கழகத்தின் முதல் பயிற்சியாளர் அங்கிருந்து வந்தவரா என்று கட்டாயம் தேடிப் பாருங்கள். டப்ளின் ராத்மைன்ஸில் உள்ள காஹல் ப்ரூஹா படைமுகாமில் இராணுவ ஆவணக் காப்பகம் இயங்குகிறது; 1940 முதல் வெளிவரும் ‘ஆன் கொசன்டோர்’ என்ற இராணுவ இதழிலும் முகாம் விளையாட்டுச் செய்திகளைத் தேடலாம்.

அடுத்த பெரிய எல்லைக்கல் 1973இல் தொடங்கிய ஆடவர் தேசிய லீக். அதற்கு முந்தைய காலத்தில் கழகங்கள் தத்தம் மாவட்ட, நகர லீக்குகளிலேயே பெரும்பாலும் மோதிக்கொண்டன. பல கழகங்கள் அதற்குப் பின்னும் அங்கேயே இருந்தன. உங்கள் கழகம் தேசிய லீக்கை எட்டாத கழகம் என்றால் அதற்காக வெட்கப்பட எதுவும் இல்லை; அந்தந்தப் பகுதி வாரியத்தின் அட்டவணைகளும் கூட்டக் குறிப்புகளும்தான் உங்கள் முதன்மைச் சான்றுகள். பிறகு 1985இல் கார்க் நகரின் கரானபிராஹர் பகுதியில் நெப்டியூன் கழகம் தனக்கென்றே கட்டித் திறந்த அரங்கம், 1993இல் டப்ளினை அடுத்த டாலாவில் திறக்கப்பட்ட தேசியக் கூடைப்பந்து அரங்கம், 2020 மார்ச்சில் கொரோனாவால் பாதியில் நின்ற பருவம், அதையடுத்து தேசிய லீக் நடக்காமலே போன 2020-21 என்று எல்லைக்கற்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள். பெல்ஃபாஸ்ட் ஸ்டார் போன்ற, ஐக்கிய இராச்சியத்தின் பகுதியான வட அயர்லாந்தின் கழகங்களும் டப்ளின், கார்க் அணிகள் ஆடும் அதே லீக்கில்தான் ஆடுகின்றன என்பதால், எல்லைக்கு அப்பால் சென்று வந்த ஆட்டங்களுக்கு அந்தப் பக்கத்துச் செய்தித்தாள்களையும் பார்க்க வேண்டியிருக்கும்.

பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த ஆண்டு வசந்தத்தில் முடிவதால், ஆண்டை எப்போதும் ‘1984-85’ என்றே எழுதுங்கள். தேசியக் கோப்பையின் இறுதிச் சுற்று நீண்ட காலமாக ஜனவரி மாதத்தோடு பிணைந்தது. “எண்பத்தைந்தில் கோப்பை வென்றோம்” என்று ஒருவர் சொன்னால் அது 1984-85 பருவமாகவும் இருக்கலாம், 1985-86 பருவத்தின் முற்பகுதி பற்றிய நினைவாகவும் இருக்கலாம். கழக மலர்களில் வரும் பிழைகளில் பாதி இந்த ஓராண்டுத் தடுமாற்றத்திலிருந்து வருபவை.

பெயர்களைத் தேடும் வழி

அயர்லாந்துக் கூடைப்பந்தில் ஒரு கழகம் ஒரே பெயரில் வாழ்ந்ததே அரிது. விளம்பரதாரர் மாறினால் அணியின் பெயரும் மாறும். கார்க்கின் நெப்டியூன் ஒரு காலத்தில் ‘பர்கர்லேண்ட் நெப்டியூன்’ என்று செய்திகளில் வந்தது. அதே நகரின் புளூ டீமன்ஸ், பல்கலைக்கழகத்தோடு இணைந்தபோது ‘யு.சி.சி. டீமன்ஸ்’ ஆனது, பின்னர் ‘சி அண்ட் எஸ் புளூ டீமன்ஸ்’ என்றும் ஆடியது. பெண்கள் கூடைப்பந்தில் புகழ்பெற்ற கிளான்மயர் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு: ‘டீம் மொண்டனாட் ஹோட்டல்’ என்ற பெயரில் ஆடிய ஆண்டுகளில், கழகத்தின் சொந்தப் பெயரே அதில் இல்லை. ஒரு தேடுபொறியில் ‘கிளான்மயர்’ என்று மட்டும் தட்டினால் அந்த ஆண்டுகள் காணாமல் போனவை போலத் தோன்றும்.

ஆகவே செய்தித்தாளைத் திறப்பதற்கு முன்பே பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். கழகத்தின் நிறுவனப் பெயர், விளம்பரதாரர் பெயர்கள், பங்குத் திருச்சபையின் அல்லது பள்ளியின் பெயர், ஐரிஷ் மொழி வடிவம், சுருக்கப் பெயர் ஆகிய அனைத்தையும் ஆண்டுக் குறிப்போடு எழுதுங்கள். புனித வின்சென்ட், புனித மேரி போன்ற பெயர்கள் பல ஊர்களில் இருப்பதால், உங்கள் புனித வின்சென்ட் கில்லார்னியினுடையதா டப்ளினுடையதா என்பதை ஒவ்வொரு செய்தியிலும் உறுதிசெய்ய வேண்டும். மாறாக, ஒரே ஊரில் வந்து போன இரண்டு கழகங்களை ஒன்றாக்கிவிடவும் கூடாது. ட்ராலி டைகர்ஸ் வேறு, 2016இல் தோன்றிய ட்ராலி வாரியர்ஸ் வேறு. ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் தொடர்ந்திருக்கலாம், ஆனால் அமைப்பு புதியது.

ஆட்களின் பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். ஒருவர் பள்ளி அணியில் ஐரிஷ் வடிவப் பெயரிலும் கழக அணியில் ஆங்கில வடிவப் பெயரிலும் பதிவாகியிருப்பது வழக்கம். கெர்ரி மாவட்டத்தில் ஒரே குடும்பப் பெயரைக் கொண்டவர்கள் ஓர் அணியிலேயே மூவர் இருந்திருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது பட்டப்பெயர்தான். வீராங்கனைகள் பலர் திருமணத்துக்குப் பின் கணவரின் குடும்பப் பெயரில் அறியப்பட்டதால், 1960களின் அணிப் பட்டியலில் இருக்கும் ஒருவரும் 1970களில் பயிற்சியாளராக வரும் ஒருவரும் ஒரே பெண் என்பது காகிதத்திலிருந்து தெரியாது. பெண்கள் அணியின் வரலாறு மலர்களில் இரண்டு பக்கத்துக்குள் சுருங்கிப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிறந்த வீட்டுப் பெயர், திருமணப் பெயர் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஓர் அட்டவணை இட்டால் அந்த இழை அறுபடாது. கன்னிமாடப் பள்ளிகளின் ஆண்டு இதழ்களும் இங்கே பெரிதும் உதவும். பல ஊர்களில் பெண்கள் கூடைப்பந்து அந்தப் பள்ளிகளின் வழியாகத்தான் வந்தது.

செய்தித்தாள்கள்

காலவரிசையின் முதுகெலும்பு உள்ளூர் வார இதழ்தான். கெர்ரிக்கு 1904இல் தொடங்கிய ‘கெர்ரிமேன்’, மேயோவுக்கு ‘வெஸ்டர்ன் பீப்பிள்’, ஸ்லைகோவுக்கு ‘ஸ்லைகோ சாம்பியன்’, கால்வேக்கு ‘கனாட் ட்ரிபியூன்’ என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று உண்டு. கார்க் பற்றித் தேடுபவர்கள், 1841இல் தொடங்கிய ‘கார்க் எக்ஸாமினர்’ 1996இல் ‘தி எக்ஸாமினர்’ ஆகவும் 2000இல் ‘ஐரிஷ் எக்ஸாமினர்’ ஆகவும் மாறியதை மறக்கக் கூடாது. மாலைப் பதிப்பான ‘ஈவினிங் எக்கோ’வில் உள்ளூர் லீக் செய்திகள் கூடுதலாக இருக்கும். 1995இல் நின்றுபோன ‘ஐரிஷ் பிரஸ்’ குழுமத்தின் இதழ்களையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

இவற்றில் பெரும்பகுதி இணையக் காப்பகங்களில் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. பல பொது நூலகங்களின் கணினிகளில் இலவசமாகவே பார்க்கலாம். டப்ளினில் கில்டேர் தெருவிலுள்ள தேசிய நூலகத்தில் நுண்படச் சுருள்கள் உள்ளன. மாவட்ட நூலகங்களின் உள்ளூர் ஆய்வுப் பிரிவில் பணிபுரிபவர்களிடம் நேரில் பேசுங்கள். பட்டியலில் ஏறாத பெட்டிகளைப் பற்றி அவர்களுக்குத்தான் தெரியும்.

தேடும்போது சொல்தேடலை மட்டும் நம்ப வேண்டாம். பழைய அச்சை எந்திரம் படிக்கும்போது எழுத்துகள் பிழைபடும். சிறிய எழுத்தில் நெருக்கி அச்சிடப்பட்ட முடிவுப் பட்டியல்கள் அதற்குப் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. பருவத்தின் ஒவ்வொரு வார இதழிலும் விளையாட்டுப் பக்கங்களைக் கண்ணால் புரட்டுவது சலிப்பான வேலைதான், ஆனால் அதற்கு மாற்று இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தக் காலத்து உள்ளூர்க் குறிப்புகளைப் பெரும்பாலும் எழுதி அனுப்பியவர் கழகத்தின் மக்கள் தொடர்பு அலுவலர்தான். அவர் ஊக்கமாக இருந்த ஆண்டுகளில் செய்தி நிறையவும் அவர் விலகிய ஆண்டில் வெறுமையாகவும் இருக்கும். செய்தி இல்லாத பருவத்தைக் கழகம் செயலற்றுக் கிடந்த பருவம் என்று எழுதிவிடாதீர்கள். வென்ற ஆட்டம் நீளமாகவும் தோற்ற ஆட்டம் ஒரு வரியிலும் வருவதும் இதே காரணத்தால்தான். தோல்வியின் விவரம் எதிரணி ஊரின் இதழில் இருக்கும்.

ஸ்கோர் ஷீட்டைப் படிப்பது

பெட்டி ஒன்றில் பழைய ஸ்கோர் ஷீட்டுகள் கிடைத்தால் அதைவிடப் பெரிய புதையல் இல்லை. சர்வதேச விதிமுறைப்படி அமைந்த தாளில் இடப்பக்கம் இரு அணிகளின் பெயர்ப் பட்டியலும், வலப்பக்கம் ஒன்றிலிருந்து ஏறிக்கொண்டே போகும் எண்வரிசையும் இருக்கும். கூடை விழுந்ததும் எட்டிய எண்ணின் மேல் சாய்கோடு இழுத்து, அருகில் அடித்தவரின் சட்டை எண்ணை எழுதுவார்கள். ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்கு ஈடாகத் தரப்படும் தடையற்ற எறிதல்) என்றால் சாய்கோட்டுக்குப் பதிலாகக் கரும்புள்ளி வைப்பார்கள். மூன்று புள்ளி எறிதல் என்றால் சட்டை எண்ணைச் சுற்றி வட்டமிடுவார்கள். இந்த மூன்று குறிகளையும் அறிந்துகொண்டால், ஆட்டத்தின் ஓட்டத்தையே அரை நூற்றாண்டுக்குப் பின் மீட்டெடுக்கலாம்: எந்த இடத்தில் ஓர் அணி பின்தங்கியது, யார் தொடர்ந்து அடித்து மீட்டார், கடைசி நேரத்தில் ஃப்ரீ த்ரோக்கள் எப்படிக் கைவிட்டன என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கிறது. ‘விறுவிறுப்பான ஆட்டம்’ என்று பத்திரிகை எழுதிய ஒரு சொல்லைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் விதிகள் மாறிய ஆண்டுகளை மனத்தில் வைத்துப் படியுங்கள். மூன்று புள்ளிக் கோட்டைச் சர்வதேச சம்மேளனம் 1984இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆட்டத்தில் “தூரத்திலிருந்து மூன்று புள்ளி அடித்து வென்றோம்” என்று ஒருவர் சொன்னால், அது கூடையோடு சேர்ந்து கிடைத்த ஃப்ரீ த்ரோவாக இருக்கலாம், அல்லது பிற்காலத்து ஆட்டத்தின் நினைவாக இருக்கலாம். 2000ஆம் ஆண்டு வரை சர்வதேச விதிப்படி ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக நடந்தது. நான்கு கால்பகுதிகளும், பந்தை எறிய அணிக்குத் தரப்படும் நேரத்தை அளக்கும் 24 விநாடிக் கடிகாரமும் அதன்பின் வந்தவை. 1950களின் முப்பதுக்கு இருபது என்ற முடிவைப் பார்த்து அன்றைய ஆட்டக்காரர்களைக் குறைவாக எடைபோடுவது பெரும் அநீதி. சிறிய பங்குத் திருச்சபை மண்டபமும் வழுக்கும் தரையும் தாழ்ந்த கூரையும் பந்தை எறியும் விதத்தையே மாற்றிவிடும்.

அதனால்தான் மண்டபத்தைப் பற்றித் தனி அத்தியாயம் எழுதச் சொல்வேன். கார்க் கூடைப்பந்தைப் பற்றிப் பேசும் எவரும் பரோக்கியல் ஹாலைத் தவிர்த்துப் பேச முடியாது. உங்கள் கழகம் ஆடிய ஒவ்வொரு இடத்தையும், எப்போது எதனால் மாறியது என்பதையும், வாடகை எவ்வளவு என்பதையும், சாவி யாரிடம் இருந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள். பல கழகங்கள் சரிந்தது ஆட்டத்தில் தோற்றதால் அல்ல, மண்டபம் கைவிட்டுப் போனதால்.

கணக்குப் புத்தகம்

கணக்குப் புத்தகங்களில் 1971 பிப்ரவரி 15க்கு முந்தைய பக்கங்கள் பவுண்டு, ஷில்லிங், பென்னி முறையில் இருக்கும்: பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. ‘2/6’ என்று பார்த்தால் அது தேதி அல்ல, இரண்டு ஷில்லிங் ஆறு பென்னி; அநேகமாக வாரச் சந்தா. 2002இல் யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்தபோது 0.787564 ஐரிஷ் பவுண்டு ஒரு யூரோவாகக் கணக்கிடப்பட்டது. பழைய தொகையை அந்த விகிதத்தில் மட்டும் மாற்றி எழுதினால் வாசகருக்குத் தவறான எண்ணம் ஏற்படும். அதைவிட, அந்த ஆண்டின் மொத்த வரவில் பேருந்து வாடகை எத்தனை பங்கு, மண்டப வாடகை எத்தனை பங்கு என்று சொன்னால் நிலைமை உடனே விளங்கும்.

அமெரிக்கர்களுக்கு எவ்வளவு இடம்?

1970களின் இறுதியில் கில்லார்னியில் பாடி ஓகானர் அமெரிக்க ஆட்டக்காரர்களை வரவழைத்ததிலிருந்து அயர்லாந்து லீக்கின் முகமே மாறியது. 1980களில் ஓர் அணிக்கு இருவர் வரை இருந்தார்கள். சிறு ஊர்களின் மண்டபங்கள் நிரம்பி வழிந்தன. டப்ளினின் கில்லெஸ்டரில் ஆடிய மரியோ எலி பின்னர் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியோடு இரண்டு முறையும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியோடு ஒரு முறையும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் பட்டம் வென்றார். இப்படிப்பட்டவர் உங்கள் கழகத்தில் ஆடியிருந்தால் அதைப் பெருமையோடு எழுதத்தான் வேண்டும். ஆனால் அவர்களில் பலர் ஓரிரு பருவங்களே இருந்தார்கள்; அதே காலத்தில் பத்துப் பதினைந்து பருவங்கள் ஆடிய உள்ளூர்க்காரர் ஒருவர் இருப்பார். பேலினாவின் லியம் மெக்ஹேல் போல மேயோவுக்கு அயர்லாந்தின் மரபு விளையாட்டான கேலிக் கால்பந்தும் ஊருக்குக் கூடைப்பந்தும் ஆடியவர்கள் உண்டு. கெர்ரியின் கீரன் டோனகி அதற்குப் பிந்தைய தலைமுறைக்கு எடுத்துக்காட்டு. கேலிக் விளையாட்டுச் சங்கம் 1971 வரை சில ‘அந்நிய’ விளையாட்டுகளுக்குத் தடை விதித்திருந்தது. கூடைப்பந்து அந்தத் தடைக்குள் வரவில்லை. கேலிக் கால்பந்து வேரூன்றிய ஊர்களில் கூடைப்பந்தும் ஏன் தழைத்தது என்பதை விளக்க இது முக்கியமான செய்தி. இரு விளையாட்டுகளின் அட்டவணையும் மோதிய வாரங்களில் கழகம் என்ன செய்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்குத் தேறும்.

அமெரிக்கர்களுக்கான செலவையும் மறைக்காதீர்கள். விமானக் கட்டணம், தங்குமிடம், ஊதியம் ஆகியவற்றைக் கட்டமுடியாமல் திணறிய கழகங்கள் இருந்தன. யார் பணம் தந்தார்கள், அது நின்றபோது என்ன ஆயிற்று என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்லும்.

நேர்காணல்

காலவரிசை ஓரளவு நிரம்பிய பிறகு மூத்தவர்களைச் சந்தியுங்கள். மிக முதியவர்களையும் உடல்நலம் குன்றியவர்களையும் மட்டும் அதற்காகக் காத்திருக்க வைக்காமல் முன்னதாகவே பார்த்துவிடுங்கள். “பழைய நாட்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் பொதுவான பெருமைப் பேச்சுதான் வரும். கையில் ஓர் அணிப் படத்தையோ ஸ்கோர் ஷீட்டின் நகலையோ கொடுத்து, “இந்த ஏழாம் எண் யார்? அன்று எந்த வண்டியில் போனீர்கள்? சீருடையை யார் துவைத்தது?” என்று கேளுங்கள். நேரத்தைக் குறித்தவர், ஸ்கோர் எழுதியவர், வாசலில் நுழைவுச்சீட்டு விற்றவர், சிறுவர் அணிகளைக் காரில் ஏற்றிச் சென்ற தாய்மார்கள் ஆகியோரிடம் ஆட்டக்காரர்கள் கவனிக்காத செய்திகள் இருக்கும். 1980களில் வேலை தேடி லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் போனவர்களைக் காணொளி வழியாகப் பேச வைக்கலாம். ஓர் அணி திடீரென்று கலைந்ததன் காரணம் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஒலிப்பதிவுக்கும் வெளியிடுவதற்கும் தனித்தனியாக எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவர்களின் விவரங்களுக்குப் பொருந்தும். சிறுவர்களின் படங்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சண்டைகளை எழுதும்போது இரு தரப்பையும் கேளுங்கள். இரண்டு நினைவுகள் முரண்பட்டால், சான்று தீர்த்துவைக்காத இடத்தில் இரண்டையும் பெயரோடு தாருங்கள். படங்களின் பதிப்புரிமை எடுத்தவருடையது, அவர் இறந்து எழுபது ஆண்டுகள் வரை அது நீடிக்கும். செய்தித்தாளில் வந்த படம் கழகத்தின் ஆல்பத்தில் இருப்பதாலேயே கழகத்தின் சொத்தாகிவிடாது.

அச்சுக்குப் பிறகு

பின்னிணைப்பாகப் பருவவாரியான முடிவுகள், பொறுப்பாளர் பட்டியல், ஆடவர், மகளிர், சிறுவர் அணிகளின் பெயர்கள் ஆகியவற்றைத் தாருங்கள். மக்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான். நூலின் ஒரு பிரதியைத் தேசிய நூலகத்துக்கு இலவசமாக அனுப்புவது 2000ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வெளியீட்டாளரின் கடமை. மாவட்ட நூலகத்துக்கும் ஒன்று கொடுங்கள். திரட்டிய மூல ஆவணங்களையும் ஒலிப்பதிவுகளையும் மீண்டும் வீடுகளுக்கே அனுப்பிவிடாமல், உரிமையாளர் இசைந்தால் மாவட்டக் காப்பகத்தில் ஒப்படைத்து, எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்ற பட்டியலைக் கழகச் செயலாளரின் கோப்பில் வையுங்கள்.